சுவிட்சில் ஓஎஸ்பிஎஃப் அமைப்பது என்றால் என்ன?

லேயர் 3 சுவிட்சுகள் (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கும் தரவை அனுப்பத் தெரிந்த சுவிட்சுகள்) தங்களுக்குள் பேசி, தரவு போக வேண்டிய வழியைத் தாங்களே கண்டுபிடிக்கும் முறைதான் ஓஎஸ்பிஎஃப் (OSPF). வழிகளைக் கையால் எழுதி வைத்தால், ஒரு கேபிள் அறுந்ததும் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும். இதில் அது தேவையில்லை. ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் ஊரிலிருந்து கிளம்பும் சாலைகளை மட்டும் சொல்ல, எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் சேர்வது போல. அதை வைத்து, கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட கணக்கின்படி ஒவ்வொரு சுவிட்சும் செலவு (ஒவ்வொரு இணைப்புக்கும் தரப்படும் எண்; பணமல்ல) குறைந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்.

ஏரியா எண்ணும் (சுவிட்சுகளைப் பிரிக்கும் பகுதியின் எண்), 'நான் இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பும் ஹலோ இடைவெளியும், அது வராவிட்டால் அடுத்த சுவிட்ச் போய்விட்டதாக எண்ணும் டெட் நேரமும் (ஈதர்நெட்டில் வழக்கமாக முறையே 10, 40 நொடி) இணைப்பின் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்டியு (ஒரே பொட்டலமாக அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு) வேறுபட்டால், இரு சுவிட்சுகளும் வரைபடத் தகவலைப் பரிமாறத் தொடங்கும் 'எக்ஸ்ஸ்டார்ட்' அல்லது 'எக்ஸ்சேஞ்ச்' நிலையிலேயே இணைப்பு நின்றுவிடும். பலர் திணறுவது இங்கேதான், முதலில் இதைப் பாருங்கள்.

அப்புறம், சிஸ்கோ நிறுவனச் சுவிட்சில் ஓஎஸ்பிஎஃப்பைத் தொடங்க 'ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 1' என்று கட்டளை கொடுக்கிறோமே, அந்த 1 எல்லாச் சுவிட்சிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அது அந்தச் சுவிட்சுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்.