பெரிய எண்கள்: கேள்வி-பதில்

கே: 720720-க்கு எத்தனை காரணிகள்? வரிசையாக எழுதி 200-ஐத் தாண்டிவிட்டேன்.

ப: 240. எழுதி எண்ண வேண்டாம். முதலில் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள்: 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட ‘உயர் பகு எண்’களைத்தான் ராமானுஜன் 1915-இல் ஆராய்ந்து பட்டியலிட்டார். அந்தப் பட்டியலின் கடைசி எண் 6746328388800, காரணிகள் 10,080. பிரித்துச் சரிபாருங்கள், நல்ல பயிற்சி.

கே: 2147483647 பகா எண்ணா?

ப: ஆம். 2³¹ − 1. கணித மேதை ஆய்லர் 1772-இல் நிறுவினார்.

கே: 12345678901234567-ஐ எக்செல்லில் இட்டேன். 3-ஆல் வகுபடுகிறது, 100-ஆலும் வகுபடுகிறது. அப்படியானால் பகு எண்தானே?

ப: நீங்கள் சோதித்தது உங்கள் எண்ணையே அல்ல. 7-இல் முடியும் எண் 100-ஆல் எப்படி வகுபடும்? கடைசி இலக்கத்தையாவது பார்த்திருக்க வேண்டும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16, 17-ஆம் இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். அதில் பதிவாகியிருப்பது 12345678901234500. அதன் இலக்கக் கூட்டல் 60, அதனால் 3-ஆல் வகுபடுகிறது. உங்கள் எண்ணின் கூட்டல் 73, வகுபடாது. தட்டிய பிறகு கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ ஆக்கினாலும் போன இலக்கம் திரும்பாது. முன்பே மாற்றுங்கள், அல்லது முன்னால் ஒற்றை மேற்கோள்குறி இடுங்கள். அதுவும் எழுதி வைக்கத்தான், கணக்குப் போட அல்ல. பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு இல்லை. ஆனால் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் அங்கும் இதே கோளாறு. 9007199254740993-ஐ 1-ஆல் அப்படி வகுத்துப் பாருங்கள், 2-இல் முடியும் இரட்டை எண் வரும். மீதிக்கு சதவீதக் குறி, ஈவுக்கு இரட்டைச் சாய்கோடு. விடை வந்ததும் இலக்கக் கூட்டலையும் கடைசி இலக்கத்தையும் கையால் சரிபாருங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் வரும் தவறான வகைப்பாடுகளுக்குக் கணக்கே இல்லை.

கே: 4294967297-ஐ 2 முதல் 97 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்தேன், வகுபடவில்லை. பகா எண் என்று எழுதலாமா?

ப: கூடாது. வர்க்கமூலம் 65,500-க்குச் சற்று மேல். அதுவரை போக வேண்டும். இது 2³² + 1. இதைப் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். ஆய்லர் 1732-இல் உடைத்தார்: 641 × 6700417. இதன் பகாக் காரணி 64-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். எனவே 193, 257, 449, 577, 641 என ஐந்தே முயற்சி. இந்த எண் 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் (2-ஐ, எண்ணில் ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் பகா எண் சோதனை) தேறிவிடும். ஒற்றைச் சோதனையை நிரூபணமாக எடுக்காதீர்கள்.

கே: 33550336 நிறைவெண் என்கிறார்கள். காரணிகளைக் கூட்டினால் 67100672 வருகிறதே?

ப: நிறைவெண் என்றால் தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டல் தானே ஆகும் எண். நீங்கள் எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிட்டீர்கள். கழித்தால் அதே எண் வரும். ஐந்தாவது நிறைவெண், 2¹² × 8191.

கே: 123456789-க்குச் சிறப்பு உண்டா?

ப: 3² × 3607 × 3803. காரணிகள் 12; குறை எண், அதாவது தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் எண்ணைவிடக் குறைவு. 1 முதல் 9 வரை எப்படி மாற்றி அடுக்கினாலும் கூட்டல் 45 என்பதால் 9-ஆல் வகுபடும். இங்கும் பகாக் காரணிகளைப் பிரித்த பிறகுதான் வகையைப் பேச முடியும்.