கேளுங்கள், சொல்கிறோம்

கேள்வி: காது கேளாத நடிகர்களும் கேட்கும் நடிகர்களும் சேர்ந்து பாட்டு நிறைந்த நாடகம் போடுகிறார்களாமே, அது எப்படி?
வாசகி, தேனி

பதில்: லாஸ் ஏஞ்சலிஸில் 1991-ல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் நாடகக் குழுவில் பல பாத்திரங்களுக்கு இரண்டிரண்டு பேர்: ஒருவர் சைகை மொழியில் நடிப்பார், இன்னொருவர் அதையே பேசுவார், பாடுவார். 2003-ல் நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக வட்டாரமான பிராட்வேயில் 'பிக் ரிவர்' என்ற இசை நாடகம் போட்டபோது, அதன் நாயகச் சிறுவன் ஹக் ஃபின்னாக நடித்தவர் காது கேளாதவர். குரல் கொடுத்தவரோ திரைக்குப் பின்னால் ஒளியவில்லை, மூலக் கதையை எழுதிய மார்க் ட்வைன் வேடத்தில் மேடையிலேயே இருந்தார். ஒரு பாட்டின் நடுவே இசை, குரல் எல்லாம் சட்டென்று நின்றுவிட, மொத்தக் குழுவும் கைகளாலேயே பாட்டைத் தொடர்ந்ததுதான் உச்சம். காது கேளாதவர்கள் தாளத்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்கிறீர்களா? தோளில் ஒரு தட்டு, ஒரு கண்ஜாடை, விளக்கு, அப்புறம் ஏகப்பட்ட ஒத்திகை. இதே குழுவின் 'ஸ்பிரிங் அவேக்கனிங்' மூலம்தான் பிராட்வேயில் சக்கர நாற்காலியில் வலம்வரும் நடிகை ஒருவர், ஆலி ஸ்ட்ரோக்கர், முதன்முதலாக நடித்தார், அதுவும் 2015-ல்தான் (அவ்வளவு தாமதம்!). 2019-ல் பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதான டோனியும் வாங்கிவிட்டார். உங்கள் ஊரில் முயல்வதானால், சைகை மொழிபெயர்ப்பாளரை ஓரமாக நிறுத்தாதீர்கள், காட்சிக்குள்ளேயே இழுத்துவிடுங்கள்.