கேள்வி – பதில்: 77 ஆண்டு மாறாத உண்டியல்

சென்ற இதழில், ஹிட்லர் ஆட்சியில் தடுக்கப்பட்ட ஒரு மாணவி தம் 102-ஆம் வயதில் டாக்டர் பட்டம் பெற்றதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. மற்ற வாசகர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

102 வயதில் பட்டமா என்று என் மாணவிகள் நம்ப மறுக்கிறார்கள். மரியாதைக்காகக் கொடுத்த கௌரவப் பட்டம்தானே அது? (கல்லூரி ஆசிரியை, காரைக்குடி)

கௌரவப் பட்டம் அன்று. கேள்வி கேட்டு, பதில் வாங்கி, முறைப்படி கொடுத்த பட்டம். அவர் பெயர் இங்கெபோர்க் ராபோபோர்ட். கன்னிப் பெயர் சில்ம். 1912-இல், அன்று ஜெர்மன் குடியேற்ற நாடாக இருந்த கேமரூனில் பிறந்து, ஹாம்பர்க் நகரில் வளர்ந்தவர். வீட்டில் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவராகவே வளர்க்கப்பட்டார். ஆனால் தாயார் யூத வழியில் வந்தவர் என்பதால், மகள் எந்த மதத்தைக் கடைப்பிடிக்கிறார் என்பதைப் பற்றி நாஜி சட்டம் கவலைப்படவில்லை. பாட்டன் பாட்டியை எண்ணித்தான் அது ஆளைப் பிரித்தது. மருத்துவம் படித்து முடித்த அவர், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயைப் பற்றிய ஆய்வேட்டை 1938-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் அளித்தபோது, 'இன' காரணம் காட்டி வாய்மொழித் தேர்வுக்கு அவரை அனுமதிக்கவில்லை. ஆய்வேடு மட்டும் கைவசம் இருந்தது, பட்டம் இல்லை.

அவருடைய பேராசிரியர் ருடால்ஃப் டெக்விட்ஸ் ஒரு காரியம் செய்தார். நடப்பிலுள்ள சட்டங்கள் குறுக்கே நிற்காவிட்டால் இந்த ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டிருப்பேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் அது ஓர் உண்டியல், அதாவது கடையில் காட்டிப் பணமாக மாற்றிக்கொள்ளும் சீட்டு. எழுதியவர் நாணயஸ்தர், தொகை நியாயமானது, ஆனால் எந்தக் கடையிலும் மாறாது. அந்த ஆண்டே இங்கெபோர்க் தனியாக அமெரிக்கா சென்றார். அங்கே மருத்துவராக வேண்டுமானால் மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. 48 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்ததில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரி ஒன்றுதான் இடம் கொடுத்தது.

பிறகு குழந்தை மருத்துவரானார். வியன்னாவிலிருந்து தப்பி வந்திருந்த உயிர்வேதியியலாளர் ஒருவரை மணந்தார். இருவரும் பொதுவுடைமைக் கொள்கையினர் ஆதலால், 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் இருப்புக் கொள்ளாமல் போய்க் கிழக்கு பெர்லினில் குடியேறினர். அங்கே ஷாரிட்டே மருத்துவமனையில், ஜெர்மனியிலேயே முதன்முதலாகப் பச்சிளங்குழந்தை மருத்துவத்துக்கென்று அமைந்த பேராசிரியர் பதவியை வகித்தார். ஆக, பட்டம் இல்லாத குறையால் அவருக்கு ஒன்றும் நின்றுவிடவில்லை. இருந்தும் 2015-இல் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் முன்வந்தபோது, சும்மா வாங்கிக்கொள்ளாமல் தேர்வு வைக்கச் சொன்னார். கண்பார்வை மங்கிவிட்டிருந்தது, தொண்டை அடைப்பான் பற்றி இடைப்பட்ட ஆண்டுகளில் கண்டறியப்பட்டவற்றை நண்பர்கள் இணையத்தில் தேடித் தொலைபேசியில் சொல்ல, கேட்டு மனத்தில் ஏற்றிக்கொண்டார். மே மாதம் மூன்று பேராசிரியர்கள் பெர்லினில் அவர் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து தேர்வு நடத்தினர். ஜூன் 9 அன்று பட்டம் வழங்கப்பட்டது. உண்டியல் மாற 77 ஆண்டுகள் ஆயின. வட்டி எவ்வளவு என்று உங்கள் மாணவிகளே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நிலைமை மோசமாகிறது என்று தெரிந்தவுடனே எல்லா யூத மாணவர்களும் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியிருக்கலாமே? (கல்லூரி மாணவர், தேவகோட்டை)

உங்கள் வயதில் நானும் இப்படித்தான் கேட்டேன். கழுத்தை ஒரே நாளில் நெரித்திருந்தால் கிளம்பியிருப்பார்கள். 1933 ஏப்ரல் 25-ஆம் தேதிச் சட்டம், கல்லூரியில் புதிதாகச் சேருவோரில் யூதர் 1.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. முதல் உலகப் போரில் களம் கண்டவர்களின் பிள்ளைகளுக்கு விலக்கும் அளித்தது. விலக்குப் பெற்ற வீட்டில், 'நமக்கு வராது' என்று நினைக்கத்தானே தோன்றும்? மே மாதம் பெர்லினில் நூல்களைக் கொளுத்தியதில் முன்னின்றவர்கள் மாணவர் சங்கத்தார், அதாவது நேற்றுவரை பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள். 1938 நவம்பரில் தொழுகைக்கூடங்கள் எரிந்து, ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அப்போது கதவு எங்கே திறந்திருந்தது? அதற்கு முன்பே ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் அகதிகளைப் பற்றிப் பேச 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்துக் கலைந்திருந்தன. அமெரிக்கா செல்ல அங்கிருக்கும் ஒருவர் ஜாமீன் எழுதித் தர வேண்டும். ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர்தான் கணக்கு. ஜெர்மன் அரசினரோ சொத்தின் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டு, கையில் 10 மார்க் ரொக்கத்துடன் அனுப்பினார்கள். கடவுச்சீட்டில் சிவப்பு எழுத்தில் 'யூதர்' என்பதன் முதலெழுத்து குத்தப்பட்டிருக்கும்.

யாராவது நம் நாட்டுக்கு வந்தார்களா? (வாசகர், புதுவயல்)

வந்தார்கள். மாணவர் அல்லர், மாணவர்களை உருவாக்கியவர் ஒருவரைச் சொல்கிறேன். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பதவி இழந்த இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன், சர் சி.வி. ராமனின் அழைப்பின்பேரில் 1935–36-இல் சில மாதங்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். அவரை நிரந்தரமாக இருத்திக்கொள்ள ராமன் முயன்றது பலிக்கவில்லை. எடின்பரோ அவரை எடுத்துக்கொண்டது. 1954-இல் நோபல் பரிசு பெற்றார். நமக்கு நட்டம் என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை.

எங்கள் ஐயா 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். கடை, நிலம் எல்லாம் போயிற்று. அவரும் யூத மாணவர்களைப் போல நாடு கடத்தப்பட்டவர்தானே? அவருடைய தகரப்பெட்டியில் பழைய சிட்டைகள் (கணக்குக் குறிப்பேடுகள்) இருக்கின்றன, கழித்துவிடலாமா? (வாசகி, கானாடுகாத்தான்)

தங்கள் ஐயா பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. காட்டுவழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். ஆயினும் இரண்டையும் ஒன்றென்று எழுத என் மனம் ஒப்பவில்லை. கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, இடத்தை ஐயா இழந்தார். புறப்பட்ட ஊரை இழக்கவில்லை. வந்து சேர்ந்தபோது முகப்பில் ஆள் இருந்தது, பேசுகிற மொழி இருந்தது, நகரக் கோயிலில் அவர் புள்ளி (குடும்பப் பதிவு) அப்படியே இருந்தது. ஜெர்மனியோ 1941 நவம்பரில் ஓர் ஆணை போட்டு, வெளிநாட்டில் வாழும் யூதர் அனைவரின் குடியுரிமையையும் ஒரே வீச்சில் பறித்தது. பிறந்த ஊரே புள்ளிக் கணக்கிலிருந்து பெயரை அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சொன்னால் நம்மவர் சிலர் கோபித்துக்கொள்வார்கள்: 1930-களின் மந்தத்தில் கடன் தீராமல் நம் கடைகளிடம் நிலத்தைப் பறிகொடுத்த பர்மிய உழவனுக்கும் ஒரு வழக்கு உண்டு. அந்த மாணவி யாருடைய நிலத்தையும் பிடிக்கவில்லை.

சிட்டைகளைக் கழிக்க வேண்டாம். அப்பத்தா இருந்தால், ஐயா எந்தெந்த ஊர் வழியாக வந்தார், எங்கெங்கே தங்கினார் என்று கேட்டுத் தனித்தாளில் பென்சிலால் எழுதி, அந்தப் பெட்டியிலேயே வையுங்கள். பந்துமுனைப் பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.