ஃபிராங்க்பர்ட்டில் எடுத்த காரை வியன்னாவில் விடலாமா?

பெற்றோரோடு பத்து நாள், ஃபிராங்க்பர்ட்டில் வாடகைக் கார் எடுத்து சூரிச், ஃபுளோரன்ஸ், வெனிஸ் சுற்றி வியன்னாவில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம். ஆனால் வேறு நாட்டில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, சில நேரம் அதுவே வாடகை அளவுக்கு வந்துவிடும். நானாக இருந்தால் மியூனிக்கில் எடுத்து, ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக், இத்தாலியின் வெரோனா வழியாகப் போய், மியூனிக்கிலேயே திருப்பி விடுவேன். சூரிச்சை விட்டுவிட்டால் சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான 40 ஃபிராங்க் விக்னெட் ஸ்டிக்கரும் மிச்சம். ஒரே நாள் ஓட்டினாலும் சுவிஸில் ஆண்டுக்குரியதுதான் வாங்கவேண்டும். ஆஸ்திரியாவில் 10 நாளுக்கே கிடைக்கும். இன்ஸ்புரூக்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் பிரென்னர் நெடுஞ்சாலைக்கு மட்டும் தனிச் சுங்கம்.

ஃபுளோரன்ஸில்தான் கவனம். ஊர் நடுவே இசட்.டி.எல். என்ற, வெளி வண்டிகள் நுழையக்கூடாத தடைப் பகுதி, கேமரா வைத்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ்.ஸை நம்பி உள்ளே போனேன், நாலு மாதம் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கே வந்தது. ஏ1 நெடுஞ்சாலையை ஒட்டியே வில்லா கோஸ்தான்சா என்ற பார்க்கிங் இருக்கிறது. காரை அங்கே நிறுத்திவிட்டு டிராம் ஏறுங்கள். நேராக ரயில் நிலையத்தில் இறங்கலாம், பெரியவர்களுக்கும் அலைச்சல் இல்லை.

அப்புறம், இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். இத்தாலியில் கேட்பார்கள்.