துணிக் கிடங்குக்கு வாட்டர் மிஸ்ட் சரிப்படுமா?

கேள்வி: எங்கள் துணிக் கிடங்கில் தீயணைக்க, கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளருக்குப் பதிலாக, தண்ணீரை மூடுபனியாகப் பீய்ச்சும் வாட்டர் மிஸ்ட் போட்டால் சரக்கு நனையாது என்கிறார் விற்பனையாளர். இரண்டும் தண்ணீர்தானே, என்ன வித்தியாசம்? – வாசகர், கரூர்

பதில்: இருபது வருஷத்துக்கு மேல் கப்பல் என்ஜின் ரூமில் இருந்தவன் நான். என் தலைக்கு மேலேயே மிஸ்ட் முனைகள் இருந்தன.

வித்தியாசம் துளியின் அளவில்தான். ஸ்பிரிங்க்ளர் துளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அது எரியும் பொருளின் மேல் விழுந்து நனைத்து அணைக்கும். ஒரே லிட்டரை 0.1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் வெப்பம் வாங்கும் பரப்பு பத்து மடங்காகிவிடும். துளி சட்டென்று ஆவியாகி சுமார் 1,700 மடங்கு விரியும். சுடரின் சூட்டை உறிஞ்சும். அங்கே ஆக்சிஜனையும் ஒதுக்கித் தள்ளும். டீசல் தீக்கு இது அருமை. பெரிய துளி கொதிக்கும் எண்ணெய்க்குள் இறங்கினால் தெறித்து இன்னும் பரவும். தீயணைக்கக் கார்பன் டை ஆக்சைடு விடுவதென்றால், அது மூச்சை அடைக்கும் என்பதால் முதலில் தலை எண்ணி ஆட்களை வெளியேற்ற வேண்டும். மிஸ்ட்டுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

ஆனால் முனைத் துளை ஊசிக்கண் மாதிரி. சோதனையில் ஜெனரேட்டர் நனையக் கூடாதென்று ஒவ்வொரு முனையிலும் பாலித்தீன் பை கட்டி, தண்ணீருக்குப் பதில் காற்று விடுவோம். ஒருமுறை எண்ணெயைச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபயருக்கு மேலே இருந்த பை மட்டும் உப்பவே இல்லை. கழற்றினால் உள்ளே கடுகளவு துரு!

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துணி மூட்டைக்குள் தீ கனன்றுகொண்டே கிடக்கும். மூடுபனி அவ்வளவு ஆழம் இறங்காது. ஷட்டர் திறந்திருந்தால் காற்றிலேயே போய்விடும். அங்கே நனைப்பதுதான் வேலை. நனையும் என்று பயப்படாதீர்கள். சினிமாவில் காட்டுவதுபோல எல்லா ஸ்பிரிங்க்ளரும் ஒன்றாகக் கொட்டாது. தண்ணீர் வரும் ஒவ்வொரு ஸ்பிரிங்க்ளர் தலையையும் ஒரு கண்ணாடிக் குமிழ் அடைத்திருக்கும்; சிவப்புக் குமிழ் 68 டிகிரியில் உடையும். சூடு எட்டிய தலை மட்டும்தான் திறக்கும்.

கிடங்குக்கு நான் ஸ்பிரிங்க்ளர்தான் சொல்வேன். ஜெனரேட்டர் அறை தனியாக, மூடியதாக இருந்தால் அதற்கு மிஸ்ட் போடலாம். விற்பனையாளர் விடாப்பிடியாக நின்றால், உங்கள் மூட்டை அடுக்கின் உயரத்துக்கு நிஜத் தீ வைத்துச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். 'வேறு கட்டடத்தில் போட்டிருக்கிறோம்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.