மீன் தொட்டி: மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: புதிதாகத் தொட்டி வாங்கி, மறுநாளே பன்னிரண்டு மீன்களை விட்டோம். சில நாள் நன்றாகவே நீந்தின. இப்போது ஒவ்வொன்றாக இறந்துவருகின்றன. உடலில் புண்ணோ புள்ளியோ இல்லை, தண்ணீரும் தெளிவாகவே இருக்கிறது. நீல நிற மருந்து ஊற்றியும் பயனில்லை. இது என்ன நோய்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இது நோயாக இருப்பதைவிட நஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மீன் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் விடுகிறது. எச்சமும், தின்னாமல் அடியில் தங்கிய தீவனமும் அழுகும்போது அதன் அளவு இன்னும் கூடுகிறது. நாள்பட்ட தொட்டியில், வடிகட்டியின் பஞ்சிலும் அடியில் கிடக்கும் கற்களிலும் படிந்து வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் பன்னிரண்டு மீன்களை ஒன்றாக விட்டால், அவை வெளியேற்றும் நஞ்சு அவற்றையே சூழ்ந்துகொள்கிறது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமில்லை என்பதால், தண்ணீர் தெளிவாக இருப்பது எதற்கும் சான்று ஆகாது.

ஒரு மீன் இறந்து சில நிமிடங்களே ஆகியிருந்தால், அதன் செவுள் மூடியை விரல் நுனியால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருக்க வேண்டிய செவுள் இழைகள் பழுப்பேறியிருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகிக்கலாம். நைட்ரைட் இரத்தத்தில் கலந்தால் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் இரத்தத்துக்குக் குறைந்துவிடும். அதனால்தான் காற்றுக் குமிழ்கள் தாராளமாக வந்துகொண்டிருந்தாலும் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஆனாலும் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பாமல், சோதனைக் கிட் ஒன்றால் அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம்) மூன்றையும் அளந்துவிடுங்கள். முதல் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும்.

இல்லையென்றால், அளவு இறங்கும்வரை நாள்தோறும் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீர் ஏறத்தாழ அதே வெப்பநிலையில், குளோரின் நீக்கியதாக இருக்க வேண்டும். வெறும் குளோரின் என்றால் ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் போய்விடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் அப்படிச் சரியாகாது, அதற்குக் குளோரின் நீக்கி மருந்து தேவை. தீவனத்தைச் சில நாள் வெகுவாகக் குறையுங்கள், வடிகட்டியை இரவிலும் நிறுத்தாதீர்கள். நைட்ரைட் மிகுந்திருந்தால் லிட்டருக்கு 1 கிராம் வீதம் உப்புச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. நீங்கள் ஊற்றிய மருந்து மெத்திலீன் ப்ளூ என்றால், வடிகட்டியில் அப்போதுதான் பெருகத் தொடங்கிய பாக்டீரியாவையும் அது அழித்திருக்கக்கூடும். காரணம் தெரியாமல் ஊற்றும் மருந்தில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். இறந்தவற்றுக்குப் பதிலாக இப்போதே புது மீன்களை வாங்க வேண்டாம்.

கேள்வி: டெட்ரா மீன்களின் மேல் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் வந்தன. மருந்து விட்டதும் நான்காம் நாளே மறைந்துவிட்டன. மருந்தை நிறுத்தினேன், அடுத்த வாரம் முன்னைவிட அதிகமாக வந்திருக்கின்றன. மருந்து போலியா?

பதில்: மருந்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இந்தப் புள்ளிகளை உண்டாக்குவது இக்தியோஃப்தீரியஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கு அடியில் பத்திரமாக இருப்பதால் எந்த மருந்தும் அதை எட்டாது. முதிர்ந்ததும் அது தானாகவே உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, உறைக்குள்ளேயே நூற்றுக்கணக்காகப் பிரிந்து பெருகுகிறது. அந்தக் குஞ்சுகள் உறையைவிட்டு வெளியேறி வேறொரு மீனைத் தேடி நீந்தும் குறுகிய காலத்தில்தான் மருந்து அவற்றைக் கொல்லும். நான்காம் நாள் உங்கள் மீன்களின் மேலிருந்து மறைந்தவை செத்துப்போனவை அல்ல, பெருகுவதற்காக இறங்கியவை.

ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரமாவது மருந்தைத் தொடருங்கள். வெப்பநிலை கூடும்போது இந்த வாழ்க்கைச் சுழற்சி வேகம் பிடிக்கும் என்பதால், உங்கள் மீன் வகை தாங்குமானால், ஒரு நாளைக்கு ஓரிரு டிகிரி வீதம் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவது உதவும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், அதனால் ஏர் பம்ப் ஓடியே ஆக வேண்டும். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்தை அது உறிஞ்சிவிடும். நோயுற்ற ஒன்றிரண்டை மட்டும் தனியே பிரித்தும் பயனில்லை. ஒட்டுண்ணி ஏற்கெனவே தொட்டி முழுவதும் பரவியிருக்கும் என்பதால் முழுத் தொட்டிக்கும் மருத்துவம் தேவை. செதிலில்லாத மீன்கள் மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளை எளிதில் தாங்குவதில்லை, செம்பு கலந்தவை இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தொட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் புட்டியைத் திறங்கள். இனி வாங்கும் மீன்களை 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகு சேர்த்தால், இந்தத் தொல்லை பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

கேள்வி: இரண்டு ஆண்டாக ஒரு குறையும் இல்லாத தொட்டி. பல மாதங்களாக வற்றிய அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிவந்தேன். போன வாரம் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றி, வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கழுவினேன். மறுநாள் பாதி மீன்கள் இறந்து மிதந்தன. சுத்தம் செய்தது தவறா?

பதில்: சுத்தம் செய்ததில் தவறில்லை, மாதக்கணக்கில் செய்யாமலிருந்ததை ஒரே நாளில் செய்ததுதான் சிக்கல். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியாக்கள் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. அதை ஈடுகட்டும் கார்பனேட்டுகள் தீர்ந்ததும் பிஎச் சரிகிறது. 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாக்களின் வேலையும் மந்தப்படும், அம்மோனியா தேங்கும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற, தீங்கு குறைந்த வடிவில் இருப்பதால் மீன்கள் எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன. புதுத் தண்ணீர் வந்து பிஎச் சட்டென்று ஏறியதும், மிச்சமிருந்த அம்மோனியமே நச்சு அம்மோனியாவாகிவிடுகிறது. 25 டிகிரியில் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். போதாக்குறைக்கு, குழாய்த் தண்ணீரின் குளோரின் பஞ்சிலிருந்த பாக்டீரியாவையும் அழித்திருக்கும். இனி வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள், பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கேள்வி: கோல்ட்ஃபிஷ் ஒன்றின் வயிறு உப்பி, செதில்கள் எல்லாம் வெளிப்புறமாகச் சிலிர்த்து நிற்கின்றன. தீவனத்தையும் தொடவில்லை. பிழைக்குமா?

பதில்: செதில் இந்த அளவுக்குச் சிலிர்த்தபின் பிழைப்பது அரிது. சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் தேங்கியதன் அறிகுறி இது. பாக்டீரியாத் தொற்று உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. தனித் தொட்டியில் சுத்தமான தண்ணீரில் வைத்து, மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் கிடைத்தால் அவர் சொல்லும் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்க்கலாம். தீவனம் எடுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்தே கிடக்குமானால், அதன் துன்பத்தை நீட்டிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கழிப்பறையில் விடுவதும், உயிரோடு உறைபெட்டியில் வைப்பதும் அதற்குக் கொடுமையே. கிராம்பு எண்ணெயைச் சிறிது வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் குலுக்கிக் கலந்து, மீன் இருக்கும் தனிப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முதலில் மயங்கும். அளவு கூடியதும் செவுள் அசைவு நிற்கும். அதன்பின்னும் குறைந்தது 10 நிமிடமாவது அப்படியே விட்டுவையுங்கள். உடலைக் குளத்திலோ ஆற்றிலோ போடாமல் மண்ணில் ஆழமாகப் புதையுங்கள்.

கேள்வி: மீன்களின் நோய் நமக்குத் தொற்றுமா?

பதில்: பெரும்பாலானவை தொற்றாது. முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: மைக்கோபாக்டீரியம் மரீனம் என்ற, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியா. கையிலுள்ள வெட்டுக்காயம் வழியாக நுழைந்து, சில வாரங்கள் கழித்து வலியில்லாத கட்டியாகவோ ஆறாத புண்ணாகவோ வெளிப்படும். காயம் இருக்கும்போது கையுறையில்லாமல் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். அப்படி ஒரு புண் வந்துவிட்டால், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான சிகிச்சைகளுக்கு இது அடங்காது, சரியான மருந்தையும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.