குளிர்காலத்தில் யமுனைக்குப் போகலாமா?

அன்புள்ள அக்கா,

திருநெல்வேலியிலிருந்து ஜூன் மாதம் டெல்லிக்கு மாற்றலாகி வந்தோம். மயூர் விஹாரில் வீடு. டிசம்பர் பிறந்ததிலிருந்து சன்னலைத் திறக்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் ரஜாய்ப் போர்வைக்குள் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள். ஊரில் தினமும் வாய்க்கால் கரையில் நடந்த என் மாமனார் இங்கே பால்கனியோடு சரி. ஞாயிற்றுக்கிழமை யமுனைப் பக்கம் போகலாம் என்றால், "அது சாக்கடை, அங்கே என்ன இருக்கிறது?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போகலாமா? போனால் எங்கே?

ர., மயூர் விஹார்

அன்புள்ள ர.,

போங்கள். காற்று இடம் கொடுத்தால் இந்த ஞாயிறே போங்கள். ஆனால் விடியற்காலையில் வேண்டாம்.

ஆற்றங்கரை என்றாலே நமக்குக் காலை ஐந்தரை மணிதான். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். டெல்லிக் குளிரில் அந்தக் கணக்கு செல்லாது. இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே எழாமல் அங்கேயே தங்கிவிடும். புகையும் தூசியும் அதற்குள் அடைபட்டுக் கிடக்கும். வெயில் பட்டுத் தரை சூடேறினால்தான் கலையும். அதனால் பதினோரு மணிக்குக் கிளம்பி மூன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். என் முதல் குளிர்காலத்தில் இது தெரியாமல் அம்மாவை ஆறு மணிக்கே அழைத்துப்போனேன். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நின்ற மரம்கூடத் தெரியவில்லை. அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க இருமல். இன்று நினைத்தாலும் மனம் சங்கடப்படுகிறது. கிளம்பும் முன் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 300ஐத் தாண்டியிருந்தால் மாமாவை அழைத்துப்போகாதீர்கள். மழை பெய்த மறுநாளோ நல்ல காற்று வீசும் நாளோ கிடைத்தால் விடாதீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை. 1,376 கிலோமீட்டர் ஓடும் யமுனையில் டெல்லிக்குள் வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை ஓடுவது வெறும் 22 கிலோமீட்டர். ஆற்றின் அழுக்கில் பெரும்பங்கு இந்தத் துண்டில்தான் சேர்கிறது. வஜீராபாத் தடுப்பணைக்குக் கீழே நஜஃப்கட் கழிவுநீர்க் கால்வாய் வந்து கலப்பதோடு தொடங்குகிறது அது. ஓக்லா அருகே காளிந்தி குஞ்ச் பகுதியில் மிதக்கும் வெள்ளை நுரை சோப்புத் தூளின் வேலை. ஓக்லா தடுப்பணையில் தண்ணீர் விழுந்து கலங்கும்போது பொங்குகிறது. பிள்ளைகளைத் தண்ணீரில் கால் நனைக்க விடாதீர்கள்.

ஆனால் ஓடுகிற தண்ணீர் மட்டுமா ஆறு? வெள்ளம் வந்தால் பரவி நிற்கும் மணல்வெளியும் நாணலும் பள்ளங்களும் சேர்ந்ததுதான் யமுனை. 2023 ஜூலையில் பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் கடல்மட்டக் கணக்கில் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இன் 207.49ஐத் தாண்டிய வெள்ளம். கரையில் புதிதாகப் போட்ட பூங்காக்களெல்லாம் மூழ்கி, வடிந்தபோது வண்டல் மூடிக் கிடந்தன. அந்த வெளிக்குத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பக்கம் ஓக்லா பறவைகள் சரணாலயம். மயூர் விஹாரில் புளூ லைன் ஏறி, பொட்டானிக்கல் கார்டனில் மெஜந்தா லைனுக்கு மாறினால் அடுத்த நிலையம், பெயரே ஓக்லா பறவைகள் சரணாலயம்தான். தடுப்பணை தேக்கிய நீர்ப்பரப்பை 1990இல் உத்தரப் பிரதேச அரசு சரணாலயமாக அறிவித்தது. சுமார் நான்கு சதுர கிலோமீட்டர். நான் முதலில் பார்த்த ஆண்டுகளில் இருந்த கூட்டம் இப்போது இல்லை. இருந்தாலும் ஊசிவால் வாத்துகள், தட்டைவாயன்கள், நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் என்று ஒரு மதியத்துக்குக் குறைவிருக்காது.

மாமாவிடம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். திருநெல்வேலிக்காரர், போயிருப்பார். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்து அங்கே குளிர்காலத்துக்கு வரும். இமயத்தைத் தாண்டிப் பறக்கும் பறவை. அதே இனத்தை யமுனைக் கரையிலும் பார்க்கலாம். கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் வேட்டு வெடிக்காமல் அந்தப் பறவைகளைக் காப்பதை அவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பால்கனியில் உட்கார்ந்து அவர் என்ன சொன்னாலும் அவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். அங்கே, எதிரே வாத்து நீந்தும்போது சொன்னால் கேட்பார்கள்.

இன்னொரு ஞாயிறு கொஞ்சம் தூரம் போக முடிந்தால், ஜகத்பூர் அருகே யமுனா பல்லுயிர்ப் பூங்கா. என் மனதுக்கு நெருக்கமான இடம் அதுதான். உப்புப் பூத்த வெற்று நிலமாகக் கிடந்ததை, டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்காக 2002 முதல் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் டெல்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் மீட்டெடுத்தார்கள். மொத்தம் 457 ஏக்கர். ஈரநிலங்களை வெட்டினார்கள், யமுனைப் படுகைக்கே உரிய மரங்களையும் புற்களையும் தேடி நட்டார்கள். வஜீராபாத் தடுப்பணைக்கு மேலே இருப்பதால் நஜஃப்கட் அழுக்கு அங்கே எட்டாது. ரெட் கிரெஸ்டட் போச்சார்டு என்கிற செந்தலை வாத்து குளிர்காலத்தில் அந்த நீரில் வந்து இறங்கும். 2016இல் ஒரு சிறுத்தை தானாகவே வந்து தங்கியது! பிறகு பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர்கள் கைவிட்ட நிலத்தை இருபது ஆண்டுக்குள் இப்படி மாற்ற முடியும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் நாளை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

யமுனா காட் என்கிற படித்துறையில் படகேறிக் கடற்காகங்களுக்கு ஓமப்பொடி மாதிரியான சேவ் வீசும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். பறவையைப் பார்க்கட்டும், பொட்டலம் வாங்காதீர்கள். மீனும் புழுவும் பூச்சியும் தின்று வாழும் பறவைக்கு உப்பும் எண்ணெயும் தோய்ந்த கடலைமாவை ஊட்டுவதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது.

அப்புறம், மாமா வேண்டாம் என்றாலும் காதை மூடுகிற குல்லாவைப் போட்டுவிடுங்கள். பிளாஸ்கில் சுக்குக் காபி இருக்கட்டும். பைனாகுலர் முதல் தடவைக்கு வேண்டாம். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள், பறவைகளே பக்கத்தில் வரும்.

பிப்ரவரி முடிவுக்குள் அவை வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும். வரித்தலை வாத்து ஓக்லாவில் கண்ணில் பட்டதா என்று மாமாவையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.